பற்றீரியாவுக்கு நேரசூசி தெரியாது

போன கிழமை எங்கட போடிங்கில் இரவு பதினொரு மணிக்கு ஒரு மாநாடு நடந்தது. விஞ்ஞான பீடத்தில் முதலாம் வருடம் படிக்கிற தங்கச்சி ஒருத்தி பாடப் பதிவுப் படிவத்தோடு வந்து எங்கட பாயில் இருந்துவிட்டாள். வெள்ளிக்கிழமைக்குள் கொடுக்கவேண்டும். என்னென்ன பாடம் எடுப்பது என்பதற்கு அவளிடம் இருந்த ஒரே வழிகாட்டி, வட்ஸ்அப்பில் கைமாறிக் கைமாறி வந்த யாரோ ஒரு சீனியரின் பட்டியல். "மூலக்கூற்று உயிரியல் ஸ்பெஷல் போன ஆக்கள் எல்லாரும் இவ்வளவும் எடுத்தவையாம் அக்கா" என்றாள். கூட்டிப் பார்த்தோம். 21 கிரெடிட்.

நாங்கள் மூன்று பேரும் கலைப்பீடம். நொதியமும் நிறமூர்த்தமும் ஓ.எல்லோடு எங்களை விட்டுப் போய்விட்டன. இதில் கருத்துச் சொல்ல உங்களுக்கு என்ன அருகதை என்று கேட்கலாம். அருகதை ஒன்றுதான்: இதே மாதிரி ஒரு பட்டியலை நம்பிய ஒருத்தியோடு இரண்டு வருடம் ஒரே அறையில் இருந்திருக்கிறோம்.

அவள் எங்கட பட்ச். உயர்தரம் உயிரியல் பிரிவு, தமிழ் மொழிமூலம். மருத்துவ பீடத்துக்கான வெட்டுப்புள்ளி கொஞ்சத்தால் தவறிப்போனது. ஊரில் எந்தக் கலியாண வீட்டுக்குப் போனாலும் "பிள்ளைக்கு மெடிசின் கிடைக்கேல்ல, என்ன?" என்றுதான் கதை தொடங்குமாம். ஆகவே அவள் கம்பஸுக்கு வந்தது படிக்க மட்டுமல்ல, காட்டவும்தான். கூடப் பாடம் எடுத்தால் கெட்டிக்காரி என்று ஒரு கணக்கு அவளிடம் இருந்தது. முதலாம் வருடத்திலேயே 21 கிரெடிட் போட்டாள். மிச்சமெல்லாம் எப்படியோ சித்தி. சேதன இரசாயனம் மட்டும் போய்விட்டது.

ஒரு பாடம்தானே, திரும்ப எழுதலாம் என்றுதான் நாங்களும் ஆறுதல் சொன்னோம். எங்களுக்குத் தெரியாதது, அந்த ஒரு பாடத்தில் எத்தனை தொங்குகின்றன என்பது. சேதன இரசாயனம் இல்லாமல் உயிர் இரசாயனவியலுக்குப் பதிய ஏலாது. அது இல்லாமல் மூலக்கூற்று உயிரியல் இல்லை. அதற்கு மற்றப் பக்கத்தால் பிறப்புரிமையியலும் வேண்டும். இவை முடிந்தால்தான் மீள்சேர்க்கை டி.என்.ஏ தொழில்நுட்பம், பிறகு நாலாம் வருட ஆய்வு. ஒவ்வொன்றும் வருடத்துக்கு ஒருதடவைதான் நடக்கும். ஒன்று வழுக்கினால் போவது ஒரு செமஸ்டர் இல்லை, ஒரு வருடம். இது சும்மா நிர்வாகச் சட்டமும் இல்லை. புரதம் என்பது அமினோ அமிலங்களைப் பிணைப்பால் கோர்த்த மாலை. பிணைப்பு எப்படி உண்டாகுது, எப்படி உடையுது என்று விளங்காமல் நொதியம் படிக்கப்போவது, புணர்ச்சி விதி தெரியாமல் சங்கப்பாட்டைப் பிரிக்கப்போற மாதிரி. அதையாவது எங்களால் விளங்கிக்கொள்ள முடிந்தது.

திரும்ப எழுதினாள். நல்லாத்தான் செய்தாள். ஆனால் ரிப்பீட் என்றால் எவ்வளவு செய்தாலும் சி-க்கு மேல் போடமாட்டார்கள். ஸ்பெஷலுக்கு ஆள் எடுப்பது முதல் இரண்டு வருடப் பெறுபேற்றை வைத்து. கதை அதோடு முடிந்தது. 90 கிரெடிட்டோடு மூன்று வருடப் பொதுப் பட்டத்தில் வெளியேறப்போகிறாள். அவளுக்கு மூளை காணாது என்று யாரும் சொன்னால் எங்களுக்குக் கோபம் வரும்.

பிழை எங்கே என்று யோசித்தால், கிரெடிட் என்ற சொல்லிலேயே இருக்கிறது. இலங்கைத் தகைமைகள் சட்டகத்தின்படி ஒரு கிரெடிட் என்பது 50 மணித்தியாலக் கற்றல். விரிவுரை, செயன்முறை, அறிக்கை எழுதுவது, வீட்டில் படிப்பது எல்லாம் சேர்த்து. வருடத்துக்கு 30 கிரெடிட், அதாவது செமஸ்டருக்கு 15. செமஸ்டர் 15 கிழமை என்றால் கிழமைக்கு 50 மணித்தியாலம். சாதாரண அலுவலக வேலையை விடக் கூட. 21 என்றால் கிழமைக்கு 70. ஞாயிற்றுக்கிழமையும் சேர்த்து ஒரு நாளைக்குப் பத்து. சமைக்கிறது, உடுப்புத் தோய்க்கிறது, பஸ்ஸுக்கு நிற்கிறது எல்லாம் அதற்கு வெளியே. இந்தப் பெருக்கலை முதலாம் வருடப் பிள்ளைக்கு யாரும் செய்து காட்டுவதில்லை.

அதிலும் ஆய்வுகூடம் தனி உலகம். 15 மணித்தியால விரிவுரைக்கும் ஒரு கிரெடிட்தான், அதன் இருமடங்கு நேரம் நிற்கிற செயன்முறைக்கும் ஒரு கிரெடிட்தான். நேரசூசியில் பின்னேரம் ஐந்து மணிக்கு முடியும் என்று இருக்கும். பிசிஆர் முப்பது சுற்றுச் சுற்றி முடிய ஒன்றரை, இரண்டு மணித்தியாலம் எடுக்கும். பிறகு ஜெல்லில் ஓடவிட வேண்டும். பட்டை தெரியாவிட்டால் மறுபடி முதலில் இருந்து. பற்றீரியாவை ஏகார் தட்டில் பூசி 37 பாகையில் வைத்தால் அடுத்த நாள் காலைதான் கூட்டம் கூட்டமாக எழும்பும். நீ அவசரப்பட்டாலும் அது அவசரப்படாது. எங்கட தோழி ஏழரைக்கு ஃபோன் லைற் அடித்துக்கொண்டு நடந்து வருவாள். போடிங் அன்ரி கேற்றைப் பூட்டிவிட்டு முணுமுணுத்துத் திறப்பா. பதிவுப் படிவத்தில் இதற்கு ஒரு கட்டமும் இல்லை.

கட்டம் இல்லாத இன்னொன்று ஆங்கிலம். கலம், இழைமணி, பிறப்புரிமையியல் என்று இரண்டு வருடம் படித்து வந்த பிள்ளைக்கு முதல் நாளிலிருந்து எல்லாம் ஆங்கிலத்தில். தெரிந்த பொருளுக்கே புதுப்பெயர் பாடமாக்க வேண்டும். ஒரு பக்கக் கட்டுரைக் குறிப்பை வாசிக்க அவள் எங்களைவிட மூன்று மடங்கு நேரம் எடுத்தாள், நாங்கள் ஒன்றும் வெள்ளைக்காரர் இல்லை. எங்களைக் கேட்டால், தமிழ் மூலத்தில் வருகிறவர்கள் முதலாம் வருடம் ஆங்கிலத்துக்கே நாலைந்து கிரெடிட் எடுத்திருக்கிறோம் என்று மனதில் எழுதிவைத்து, மிச்சத்தைக் குறைக்க வேண்டும்.

குப்பி எடுத்த அண்ணா அக்காமார் இல்லாவிட்டால் எங்களில் பாதிப்பேர் பாஸே இல்லை. அதை மறுக்கவில்லை. ஆனால் குப்பி பரீட்சைக்கு முதல் மாதம் வருகிற வெளிச்சம். பாடம் தெரிவு செய்கிற கிழமையில் யாரும் குப்பி வைப்பதில்லை. அந்த இடத்தில்தான் பட்டியல் உலாவுது. பட்டியலில் தப்பியவர்களின் பாடங்கள் மட்டுமே இருக்கும், விழுந்தவர்களின் பட்டியலை யாரும் ஃபோர்வேர்ட் பண்ணுவதில்லை. பீடம் செய்யவேண்டியது பெரிய காரியமே இல்லை. எந்தப் பாடம் எதில் தொங்குகிறது என்று ஒரு பக்கப் படம் கீறி, தமிழிலும் சிங்களத்திலும் ஆங்கிலத்திலும் முதல் கிழமையே கொடுத்தால் போதும். கையெழுத்துப் போடுகிற ஆலோசகர் ஐந்து நிமிடம் அதைப் பார்த்துக் கதைத்தால் இன்னும் நல்லம். எங்கட தோழியின் படிவத்திலும் ஒரு ஆலோசகரின் கையெழுத்து இருந்தது. அவர் நிமிர்ந்து பார்த்ததாக அவளுக்கு ஞாபகம் இல்லை.

வெளிநாட்டில் பிஎச்டி செய்ய வேண்டுமென்றால் கூட எடுத்தால்தான் சீவி நல்லாயிருக்கும் என்று சொல்கிறவர்கள் இருக்கிறார்கள். இருக்கட்டும். ஆனால் நாலாம் வருட ஆய்வை ஒழுங்காகச் செய்தவளுக்கு மேற்பார்வையாளர் எழுதுகிற கடிதத்தை விடவா இரண்டு மேலதிக பாடம் பேசப்போகிறது? அந்த நாலாம் வருடத்துக்கு முதலில் போய்ச்சேர வேண்டுமே.

அன்று இரவு பழைய கலண்டர் தாளின் பின்பக்கத்தில் நாலாம் வருடத்திலிருந்து பின்னோக்கிக் கீறிக்கொண்டு வந்தோம். தோழியும் எழும்பி வந்து எங்கட அம்புக்குறிகளைத் திருத்தினாள். சேதன இரசாயனத்தை இரண்டு கோடு போட்டு வட்டமிட்டாள், ஒன்றும் சொல்லவில்லை. உயிர்த்தகவலியல் பிறகு வரும், புள்ளிவிபரவியலை விடாதே என்றாள். பட்டியலில் இருந்த இரண்டு பாடத்தை வெட்டினோம். 15.

தங்கச்சி நேரசூசியைத் திரும்பப் பார்த்தாள். புதன்கிழமை பின்னேரம் முழுக்க வெறுமையாக இருந்தது. "இதில என்ன அக்கா செய்யிறது?" என்று பயந்துபோய்க் கேட்டாள்.

"நித்திரை கொள்" என்றாள் தோழி.