சமூகத்திடம் ஒப்படைக்கிறார்களாம்!

இங்கிலாந்துக் கவுன்சில்காரர் 'மறுவடிவமைப்பு' என்று வாய் திறந்தால் எங்கள் கிழவன் கிழவிகளுக்கு வயிறு கலங்கும். 2010-க்குப் பிறகு மத்திய அரசு உள்ளூராட்சிகளின் பணத்தை வெட்ட வெட்ட, முதியோர் டே சென்டர்கள் ஒவ்வொன்றாக மூடப்பட்டன. 2020-இல் கொரோனாவுக்கென்று பூட்டிய கதவுகளில் பல திரும்பத் திறக்கவேயில்லை. மிச்சமிருப்பதைத்தான் இப்போது மறுவடிவமைக்கிறார்கள்.

லண்டனில் அப்படியொரு டே சென்டரில் வான் உதவியாளாகப் பதினொரு வருஷம் வேலை செய்தவள் நான். யாழ்ப்பாணத்துத் தலித். புதன்கிழமை தமிழ் முதியவர்களின் நாள். காலையில் வீடு வீடாகப் போய் ஏற்றுவோம். மத்தியானம் சோறு, பிறகு தேத்தண்ணி, கடுதாசி விளையாட்டு, ஒரு மூலையில் அழுகை, இன்னொரு மூலையில் சிரிப்பு. 1983-க்குப் பிறகு பிள்ளைகளின் பின்னால் வந்தவர்கள். இங்கிலீஷ் தெரியாது. மகனும் மருமகளும் வேலைக்குப் போனால் வீட்டில் சுவரோடுதான் பேச்சு. அவர்களுக்கு அந்தப் புதன்கிழமை எவ்வளவு பெரிசு என்பதைக் கணக்குப் புத்தகத்தில் எழுதமுடியாது.

மறுவடிவமைப்புக்கு இரண்டு வழி வைத்திருக்கிறார்கள். ஒன்று, எல்லாரையும் ஒரே மையத்தில் கொண்டுபோய்க் கொட்டுவது. இதற்கு 'சமத்துவம்' என்று பெயர்! 2008-இல் ஈலிங் கவுன்சில் சவுத்தால் கறுப்புச் சகோதரிகள் அமைப்பின் பணத்தை இதே நியாயம் சொல்லித்தான் நிறுத்தப் பார்த்தது. பெண்கள் நீதிமன்றம் போனார்கள். கவுன்சில் பின்வாங்கியது. சிறுபான்மையினருக்கான தனிச் சேவை சமத்துவத்துக்கு எதிரானதல்ல என்று நீதிபதி எழுதினார். இந்த வழியை எதிர்க்க எங்களிடம் சொற்கள் உண்டு.

இரண்டாவது வழிதான் பொல்லாதது. 'உங்கள் சேவையை உங்கள் சமூகத்திடமே ஒப்படைக்கிறோம்' என்கிறார்கள். கேட்கக் காது குளிர்கிறது. எங்கட சோறு, எங்கட பாஷை, எங்கட ஆக்கள். கவுன்சிலுக்குச் செலவு குறைவு, சங்கத் தலைவருக்கு மாலை. ஆனால் கவுன்சில் 'சமூகம்' என்று கூப்பிட்டால் ஓடிவந்து 'ஓம்' சொல்வது யார்? மண்டபம் வைத்திருப்பவன். கோயில் நிர்வாகத்தில் இருப்பவன். ஊரில் யார் அந்த இடத்தில் இருந்தானோ அவனேதான்.

எங்கள் புதன்கிழமை அப்படித்தான் கைமாறியது. கவுன்சில் கட்டிடத்தில் இருந்தவரை எங்கள் ஆக்களில் ஒரு அக்கா விரும்பி எல்லாருக்கும் தட்டெடுத்துச் சோறு பரிமாறுவா. சங்க மண்டபத்துக்குப் போன முதல் மாதமே விசாரணை தொடங்கியது. 'ஊரில எவடம்?' 'எந்தப் பக்கம்?' 'ஆற்றை மகள்?' மூன்று கேள்வி போதும், யாழ்ப்பாணத்தான் சாதியைக் கண்டுபிடிப்பதற்கு. அடுத்த கிழமை அவ கரண்டியைத் தொடப் போக, 'நீங்கள் இருங்கோ அக்கா, நாங்கள் பாக்கிறம்' என்றார்கள். எவ்வளவு மரியாதை பாருங்கள்! திட்டவில்லை, துரத்தவில்லை. கதிரையும் கொடுத்தார்கள். பக்கத்துக் கதிரைதான் காலியாகவே கிடந்தது. 'பிள்ளை, நான் இனி வரேல்லை, முழங்கால் நோகுது' என்று என்னிடம் சொன்னா. அவவுக்குப் பின்னால் இன்னும் நாலு பேருக்கு முழங்கால் நொந்தது. 'ஆர்வமின்மை' என்று பதிந்தது கவுன்சில்.

இவர்கள் யார்? 1957-இல் இலங்கையில் சமூகக் குறைபாடுகள் தடுப்புச் சட்டம் வந்த பிறகும் தேநீர்க் கடையில் சமமாய் இருந்து ஒரு கோப்பை குடிக்க முடியாத சனங்கள். சங்கானைத் தேநீர்க் கடைகளிலும் 1968-இல் மாவிட்டபுரம் கோயில் வாசலிலும் போராடிய தலைமுறை. அன்றைய இளவட்டங்களுக்கு இன்று எண்பது வயது. அந்தக் கோப்பைக்காக லண்டனில் இன்னொரு முறை போராடு என்றா சொல்கிறீர்கள்?

சட்டம் இருக்கிறதே என்பார்கள். இங்கிலாந்தின் 2010 சமத்துவச் சட்டத்தில் சாதியைச் சேர்க்கலாம் என்றிருந்ததை, சேர்த்தேயாக வேண்டும் என்று 2013-இல் பாராளுமன்றம் மாற்றியது. இந்து அமைப்புகள் குதித்தன. 2018 ஜூலையில், தேவையில்லை, 2014-இல் வந்த ஒரு தீர்ப்பே போதும் என்று அரசு கைகழுவியது. அந்தத் தீர்ப்பு சொல்வது என்ன? 'இன மூலம்' என்ற சொல்லுக்குள் சாதியும் சில வேளை அடங்கலாம். இந்த 'அடங்கலாம்' என்பதைப் பிடித்துக்கொண்டு, முழங்கால் நோகுது என்று பொய் சொல்லி வீட்டிலிருக்கும் கிழவி வழக்காட வேண்டும்! கவுன்சில் படிவத்தில் இனத்துக்குப் பெட்டி உண்டு, மதத்துக்குப் பெட்டி உண்டு. எங்கள் கிழவிக்கு விழுந்த அடியைக் குறிக்க ஒரு பெட்டியும் இல்லை.

நம் தோழர்கள் சிலர் காதோடு சொல்கிறார்கள்: 'இப்ப இதைக் கதைக்காதேங்கோ. தமிழருக்குள்ள பிரிவு எண்டு சொல்லி வெள்ளைக்காரன் உள்ள காசையும் வெட்டிப்போடுவான்.' தோழர்களே, ஒற்றுமைக்கான விலையை ஏன் எப்போதும் எங்களிடமே வசூலிக்கிறீர்கள்? இயக்கக் காலத்தில் 'விடுதலைக்குப் பிறகு சாதி' என்றீர்கள். அகதியாய் வந்த இடத்தில் 'வெள்ளை இனவாதத்துக்குப் பிறகு சாதி' என்கிறீர்கள். எண்பது வயதுக்குப் பிறகு எது வரும் என்று எல்லாருக்கும் தெரியும்.

வெட்டையும் எதிர்ப்போம், ஒப்படைப்பையும் எதிர்ப்போம். தமிழ் முதியோருக்குத் தனி நாள் வேண்டும். அது கவுன்சில் கட்டிடத்தில், கவுன்சில் சம்பளத்தில், கவுன்சில் வானில் நடக்கவேண்டும். சமையலறை எந்தச் சங்கத்தின் கையிலும் போகக்கூடாது. அப்படியும் வெளியாருக்குக் கொடுப்பதென்றால், சாதி பார்த்தால் ஒப்பந்தம் முறியும் என்று எழுதிக் கையெழுத்து வாங்கு. 2010 சட்டத்தின் 149-ஆம் பிரிவு, பாகுபாட்டை ஒழிப்பதில் உரிய கவனம் செலுத்து என்று கவுன்சிலுக்குத்தானே சொல்கிறது?

கருத்துக் கேட்கிறோம் என்று கூட்டம் போட்டு, வந்தவர்களிடமே கேட்டது போதும். வராமல் நின்றவர்களின் வீட்டுக் கதவைத் தட்டு. சங்கத்து மொழிபெயர்ப்பாளரை வாசலுக்கு வெளியே நிறுத்திவிட்டு, 'ஏனம்மா வரேல்லை?' என்று கேள். அதைக் கேட்காமல் போடும் எந்தத் திட்டமும் பழைய தேநீர்க் கடைதான்.