அடுத்த வீட்டின் ஆரோக்கியம்

"பார்த்தீரா, 11.19!" என்று சொல்லிக்கொண்டே ஒரு நண்பர் என் வீட்டுக்குள் நுழைந்தார். ரத்த அழுத்தமா, தங்கத்தின் விலையா என்று புரியாமல் நான் விழித்தேன். அவர் சொன்னது நம் மாநிலத்தின் பொருளாதார வளர்ச்சி. 2024-25-ஆம் ஆண்டில், விலைவாசி ஏற்றத்தைக் கழித்த பிறகும், தமிழ்நாட்டின் மொத்த உற்பத்தி 11.19 சதவிகிதம் வளர்ந்தது என்று மத்திய சர்க்காரின் புள்ளியியல் அமைச்சகம் கணக்குச் சொல்லியிருக்கிறது. முதலில் 9.69 என்று சொன்னார்கள். பிறகு திருத்தி ஏற்றினார்கள். "மாநிலம் ஆரோக்கியமாக இருக்கிறது ஐயா!" என்றார் நண்பர்.

மறு வாரம் இன்னொரு நண்பர் வந்தார். அவர் வேறு கட்சி. அவர் கையிலும் எண் இருந்தது. 2023-24-இல் தமிழ்நாட்டில் வேலையில்லாதவர்கள் 3.5 சதவிகிதம்; குஜராத்திலோ 1.1 தான். "மாநிலம் படுத்த படுக்கையாகக் கிடக்கிறது" என்றார்.

இருவருக்கும் காபி கொடுத்து அனுப்பினேன். இருவர் சொன்ன தீர்ப்பையும் நான் ஏற்கவில்லை. எண்கள் பொய் என்று சொல்ல மாட்டேன்; அவற்றை எடுத்தவர்கள் வெயிலில் தெருத் தெருவாக அலைந்து எடுத்திருக்கிறார்கள். நான் சொல்வது இதுதான்: இந்த எண்களைத் தூக்கிக்கொண்டு மேடை ஏறுகிறவர்கள், அவை எதை எண்ணின, எதை எண்ணவில்லை என்று ஒரு நாளும் விசாரித்ததில்லை. நான் விசாரித்தேன். பன்னிரண்டாம் வகுப்போடு பொருளாதாரப் பாடத்துக்குக் கும்பிடு போட்ட கதாசிரியனுக்கு இந்த வேலை எதற்கு என்று கேட்பீர்கள். கணக்கெடுப்பவர் என் வீட்டு வாசலுக்கே வந்துவிட்டார். வந்த பிறகு கேட்க எனக்கும் உரிமை உண்டல்லவா?

மதுரையில் எங்கள் சந்துக்கு அவர் வந்தது ஒரு மழை வாரத்தில். இளைஞர், மரியாதையானவர். கையில் இருந்த டேப்லெட்டைத் துடைத்துக்கொண்டு என்னிடம் கேட்டார்:

"சார், கடந்த ஏழு நாளில் வேலை பார்த்தீங்களா?"

உண்மையைச் சொன்னேன். ஏழு நாளில் ஒரு பக்கம் எழுதினேன். அதையும் கிழித்துப் போட்டுவிட்டேன்.

"ஒரு மணி நேரமாவது எழுதினீங்களா சார்?"

"அது எழுதினேன்."

"அப்ப நீங்க வேலையில இருக்கறவர். சுயதொழில்."

என் மனைவி பள்ளிக்கூட ஆசிரியை, மாதச் சம்பளம். என் மகள் பி.எஸ்ஸி. முடித்துவிட்டுத் தேர்வாணையப் பரீட்சைக்குப் படித்துக்கொண்டிருக்கிறாள். கிடைத்தால் எந்த வேலைக்கும் போகத் தயார் என்றாள். அவளை 'வேலையில்லாதவர்' என்று குறித்துக்கொண்டார். மூன்று பேரில் ஒருத்தி. ஆக, என் வீட்டில் வேலையில்லாத் திண்டாட்டம் 33 சதவிகிதம்!

பிறகு அடுத்த வீட்டுக்குப் போனார். துணைக்கு நானும் போனேன்.

அந்த வீட்டு அக்கா தெரு முனையில் பூ விற்கிறார். அவருடைய கணவர் வெள்ளையடிக்கிறவர். மழையில் யார் வெள்ளையடிப்பார்கள்? அந்த வாரம் அவருக்கு ஒரே ஒரு நாள் வேலை. மகன் பி.இ. படித்தவன்; மோட்டார் சைக்கிளில் ஊருக்கெல்லாம் சாப்பாடு கொண்டுபோய்க் கொடுக்கிறான். மருமகள் விடியற்காலையில் எழுந்து மாமியாருக்குப் பூக் கட்டிக் கொடுக்கிறாள்; அதற்குக் கூலி கிடையாது.

ஏழு நாளில் ஒரு நாள் ஒரு மணி நேரம் வேலை பார்த்திருந்தால் போதும் என்பது விதி. ஆகவே கணவர் வேலையில் இருப்பவர். அக்கா சுயதொழில். மகன் வேலையில் இருப்பவன். மருமகளுக்கும் ஒரு கட்டம் இருந்தது: குடும்பத் தொழிலில் ஊதியமில்லா உதவியாளர். அவளும் வேலையில் இருப்பவளே. நால்வரில் நால்வர்! அந்த வீட்டில் வேலையில்லாத் திண்டாட்டம் பூஜ்யம்.

அந்த மாதம் பிறந்து இரண்டாம் தேதியே அக்கா என் மனைவியிடம் அரிசிக்குக் கடன் வாங்கியிருந்தார். பூஜ்யம் உள்ள வீடு, முப்பத்து மூன்று சதவிகிதம் உள்ள வீட்டில் கடன் வாங்குகிறது. எந்த வீடு ஆரோக்கியமான வீடு? என் மகள் வேலையில்லாமல் இருக்கிறாள் என்றால், அவள் தாய் கொண்டுவரும் சம்பளத்தில் அவளால் இருக்க முடிகிறது. வேலையில்லாமல் இருப்பதற்கும் வசதி வேண்டும் ஐயா! அடுத்த வீட்டுப் பையனுக்கு அது இல்லை. அவன் அப்பா ஒரு நாள் வேலைக்குப் போன வாரத்தில் அவன் புஸ்தகத்தை விரித்துக்கொண்டு உட்கார முடியாது.

இதை இரண்டு வீட்டுக் கதை என்று தள்ளிவிடாதீர்கள். நாட்டின் கதையும் இதுதான். 2023-24-இல் கேரளத்தின் வேலையில்லாதோர் விகிதம் 7.2, பீகாரில் 3.0. எண்ணை மட்டும் பார்த்தால், கேரளத்து வாலிபர்கள் மூட்டை கட்டிக்கொண்டு பாட்னாவுக்கு ரயில் ஏற வேண்டும். ஆனால் ரயில் எந்தத் திக்கில் நிரம்பி வருகிறது? சென்டிரல் ஸ்டேஷனில் அரை மணி நேரம் நின்று பாருங்கள். திருப்பூர்ப் பனியன் கம்பெனிகளிலும் சென்னைக் கட்டடச் சாரங்களிலும் நிற்கிறவர்களிடம் எந்த ஊர் என்று கேளுங்கள். வேலையில்லாதவர் 'குறைந்த' மாநிலத்திலிருந்து 'அதிகமான' மாநிலத்துக்கு ஜனங்கள் வேலை தேடி வருகிறார்கள். இரண்டாயிரம் கிலோமீட்டர் பிரயாணம் செய்து அவர்கள் அந்த எண்ணுக்கு மறுப்புச் சொல்கிறார்கள். என் குஜராத் நண்பர் இதை யோசித்துப் பார்க்கட்டும்.

இனி அகில இந்தியக் கணக்குக்கு வருவோம். 2017-18-இல் வேலையில்லாதோர் 6.1 சதவிகிதம், 2023-24-இல் 3.2. பாதிக்குப் பாதி குறைந்துவிட்டது! இதைச் சொல்லி மாலை போட்டுக்கொண்டார்கள். அதே அறிக்கையின் உள்பக்கங்களைப் புரட்டினால் என்ன தெரிகிறது? வேலையில் இருப்பவர்களில் சுயதொழில்காரர்கள் 52 சதவிகிதத்திலிருந்து 58-க்கு ஏறியிருக்கிறார்கள். அவர்களில் ஒரு பகுதியான ஊதியமில்லா உதவியாளர்கள் ஏறக்குறைய 14-லிருந்து 19-க்கு ஏறியிருக்கிறார்கள். மாதச் சம்பளக்காரர்களின் பங்கு ஏறவேயில்லை, சற்றே இறங்கியிருக்கிறது. நோய் தீர்ந்ததில் பெரும் பங்கு, கூலியில்லாமல் பூக் கட்டுகிற மருமகள்களின் கைங்கரியம்!

இந்த ஒரு மணி நேர விதி சர்வதேச விதி என்பார்கள். ஒரு மணி நேர உழைப்பும் தேசிய வருமானத்தில் சேருகிறது. ஆகவே அந்த உழைப்பாளியும் கணக்கில் சேர வேண்டும் என்பது அதன் நியாயம். நியாயந்தான். மருமகளின் உழைப்பை உழைப்பு என்று சர்க்கார் ஒப்புக்கொண்டதற்கு நான் நன்றி சொல்கிறேன். அவள் வீட்டார்கூட இன்னும் அதை ஒப்புக்கொள்ளவில்லை. ஆனால் உழைப்பு என்பது வேறு; பிழைப்பு என்பது வேறு. உழைப்பை எண்ணி முடித்துவிட்டு, பிழைப்பையும் எண்ணிவிட்டதாகச் சொல்வதைத்தான் மோசடி என்கிறேன். காய்ச்சல் இல்லை என்பதால் ஒருவன் ஆரோக்கியமானவன் ஆகிவிடுவானா? பட்டினியால் உடம்பு சில்லிட்டவனுக்கும் காய்ச்சல் இருக்காது!

நான் ஏதோ புதிதாகக் கண்டுபிடித்துவிடவில்லை. 1970-இல் தந்த்வாலா குழு அறிக்கை கொடுத்தது. நம்மைப் போன்ற நாட்டில் வேலையின்மையை ஒற்றை எண்ணில் அடைத்துச் சொல்லாதீர்கள் என்பதே அதன் சாரம். அதன் பயனாக 1972-73 முதல் மூன்று விதமாக எண்ணினார்கள்: வருஷக் கணக்கு, வாரக் கணக்கு, தினக் கணக்கு. தினக் கணக்கில், ஏழு நாளில் ஒரு நாள் வெள்ளையடித்துவிட்டு மற்ற நாளெல்லாம் வேலைக்குக் காத்திருந்த அந்த மனிதரின் ஆறு நாளும் வேலையில்லாத நாளாக எழுதப்பட்டிருக்கும். 2017-இல் தொடங்கிய இப்போதைய கணக்கெடுப்பில் தினக் கணக்கு விகிதத்தை வெளியிடுவதில்லை. 2025 முதல் மாதந்தோறும் எண் வருகிறது. சீக்கிரம் வருகிறது, சந்தோஷம். ஆனால் அந்த ஆறு நாளைக் காணோம்! ராஜ் கிருஷ்ணா என்ற பொருளாதார அறிஞர் 1973-இலேயே எழுதினார்: வேலையின்மையை நேரத்தை வைத்துப் பார்க்கலாம், வருமானத்தை வைத்துப் பார்க்கலாம், விருப்பத்தை வைத்துப் பார்க்கலாம், உற்பத்தித் திறனை வைத்துப் பார்க்கலாம் என்று. ஐம்பது வருஷம் கழிந்தும் மேடையில் ஒற்றை எண்தான் நர்த்தனமாடுகிறது.

என் முதல் நண்பரின் 11.19-க்கு வருகிறேன். அந்த வளர்ச்சியை நான் இகழவில்லை. இந்தியத் தொழிற்சாலைகளில் வேலை பார்க்கும் பெண்களில் பத்துக்கு நான்கு பேர் தமிழ்நாட்டில் இருக்கிறார்கள். அது சின்னக் காரியமல்ல. ஆனால் 2022-இல் குரூப் 4 பரீட்சைக்கு 7,301 இடங்களுக்கு ஏறக்குறைய 22 லட்சம் பேர் மனுப் போட்டார்கள். 2024-இல் 6,244 இடங்களை அறிவித்தபோது 20 லட்சத்துக்கும் மேல். பத்தாவது படித்தால் போதும் என்ற பரீட்சை அது. அடுத்த வீட்டு பி.இ. பையனும் எழுதினான், அவன்தான் 'வேலையில் இருப்பவன்' ஆயிற்றே, ஏன் எழுதினான்? பார்க்கிற வேலையை அவனே வேலை என்று நம்பவில்லை. அவன் நம்பாததை நாம் நம்ப வேண்டுமாம்!

வேலைவாய்ப்பு அலுவலகத்தில் பெயர் பதிந்து ஐந்து வருஷம் காத்திருந்த பட்டதாரிக்கு மாதம் 600 ரூபாய் உதவித் தொகை என்று வைத்தார்களே, அது ஒரு நாளைக்கு இருபது ரூபாய். காத்திருப்பதன் விலை அவ்வளவுதான் என்று சர்க்காரே நிர்ணயித்துவிட்ட பிறகு, யார்தான் காத்திருக்க முடியும்? கிடைத்த மோட்டார் சைக்கிளில் ஏற வேண்டியதுதான். ஏறிய மறுகணம் மாநிலத்தின் ஆரோக்கியம் ஒரு புள்ளி தேறிவிடுகிறது!

நான் கேட்பது அதிகமில்லை. வருமானத்தையும் உழைத்த நேரத்தையும் அந்த இளைஞர் கேட்கத்தான் செய்கிறார். அவை அட்டவணைகளாக அறிக்கையின் பின்பக்கங்களில் அச்சாகத்தான் செய்கின்றன. அவற்றை முன்பக்கத்துக்குக் கொண்டு வாருங்கள். வேலையில் இருப்பவர்களில் எத்தனை பேருக்குக் கூலியே இல்லை, எத்தனை பேருக்கு வாரத்தில் மூன்று நாள்கூட வேலையில்லை, எத்தனை பேரின் சம்பாத்தியம் குறைந்தபட்சக் கூலியைத் தொடவில்லை என்று முதல் வரியில் சொல்லுங்கள். மாவட்டந்தோறும் சொல்லுங்கள். சென்னையின் கொழுப்பை மற்ற ஜில்லாக்களின் எலும்போடு சேர்த்து எடை போட்டுச் சராசரி சொல்லாதீர்கள். ஆளும் கட்சிக்கு அது சங்கடமாக இருக்கும். எதிர்க்கட்சிக்கும் சங்கடமாகத்தான் இருக்கும். நாளைக்கு அவர்களும் ஆள வேண்டுமே! அந்தச் சங்கடம்தான் எனக்கு வேண்டும்.

கணக்கெடுத்தவர் போன பிறகு அக்கா என்னிடம் கேட்டார்: "தம்பி, அவரு என்னமோ எழுதிக்கிட்டுப் போறாரே, நம்ம வீட்டைப் பத்தி என்ன எழுதினாரு?"

"உங்க வீட்டுல எல்லாருக்கும் வேலை இருக்குன்னு எழுதியிருக்கார், அக்கா."

அவர் சிரிக்கவில்லை. ஈரக் கோணியில் கிடந்த பூவைக் கூடைக்கு மாற்றிக்கொண்டே சொன்னார்: "வேலைக்கு என்ன குறைச்சல்? காசுதான் இல்லை. அதையும் எழுதச் சொல்லியிருக்கலாமே தம்பி."

அதைத்தான் இங்கே எழுதியிருக்கிறேன்.