கையை விடு, காலை வீசு!

கம்பூன்றித் தாண்டுதல் என்றாலே நம்ம ஹாஸ்டலில் எல்லாரும் சொல்வது ஒன்றுதான்: "கையில பலம் வேணும்டா!" நானும் அதை நம்பி இரண்டு வருஷம் கம்பை இழுத்துப் பார்த்தேன். தோள்பட்டை வலிதான் மிச்சம். 2.60 மீட்டருக்கு மேல் ஒரு அங்குலம் ஏறவில்லை.

தப்பு கையில் இல்லை, காலில்.

மெக்கானிக்ஸில் படித்த கணக்கையே போட்டுப் பாருங்கள். விநாடிக்கு 7 மீட்டர் வேகத்தில் ஓடி வருகிறவனை அந்த வேகம் சுமார் 2.5 மீட்டர் தூக்க வேண்டும். உடம்பின் எடை மையம் ஏற்கெனவே தரையிலிருந்து ஒரு மீட்டர் உயரத்தில் இருக்கிறது. ஆக, 3.5 மீட்டர்! மீதி எங்கே போச்சு?

கம்பை ஊன்றும்போதே கொஞ்சம் போகும். பெரிய நஷ்டம் அடுத்த நொடியில்தான். வலக்கைக்காரன் இடது காலால் எம்புகிறான். வலது முழங்கால் மேலே போகிறது. இடது கால் அப்போது பின்னாலேயே நீளமாக நிற்க வேண்டும். பிறகு மடங்காமல், பந்தை உதைப்பது மாதிரி கீழ்வழியாக வீசி வர வேண்டும். நாமோ தரையை விட்டதும் பயத்தில் இரண்டு காலையும் சுருட்டிக்கொள்கிறோம்!

சுருட்டினால் என்ன? ஊன்றிய கம்பு தலைகீழ் பெண்டுலம். எடை தாழத் தொங்கும்வரை அது சுலபமாக நிமிரும். அவசரப்பட்டு எடையை மேலே கொண்டுபோனால் மொமெண்ட் ஆஃப் இனர்ஷியா கூடி, கம்பு பாதியில் நின்று, வந்த வழியே நம்மைத் திருப்பி அனுப்பும். (விழுந்தவனுக்குத்தான் தெரியும்!) நீட்டிய காலின் வீச்சில்தான் இடுப்பு தலைக்கு மேலே போகும். கை இழுப்பது அதற்கப்புறம்.

"இதெல்லாம் 2025இல் டோக்கியோவில் 6.30 தாண்டிய டுப்ளான்டிஸுக்குச் சரி, நமக்கா?" என்பீர்கள். 2014இல் 4.15 மீட்டர் தாண்டி தேசிய சாதனை படைத்த சுரேகாவும், 2022இல் காந்திநகரில் 4.20 தாண்டி அதை முறியடித்த ரோஸி மீனா பால்ராஜும் எந்த ஊர்? நம்ம தமிழ்நாடு! பையன்கள் கவனிக்க.

ஃபைபர் கம்பு வரட்டும் என்று காத்திருக்க வேண்டாம். உறுதியான கிளையில் தடித்த கயிறு கட்டி, நாலு அடி ஓடிப் பிடித்து, இடது காலை மட்டும் வீசிப் பழகுங்கள். செங்கல்பட்டில் பஸ் ஏறினால் திருக்கழுக்குன்றம் தாண்டி மாமல்லபுரம். அந்த மணலில் விரிசல் இல்லாத குட்டை மூங்கிலை ஊன்றி, காலை வீசி, காலிலேயே இறங்கலாம். சவுக்குக் கம்பு வேண்டாம், அது வளைந்து கொடுக்காது. தலைகீழாகப் போவது மட்டும் மெத்தை இல்லாமல் கூடவே கூடாது. எனவே சங்கத் தேர்தலில் ஓட்டுக் கேட்டு வருகிறவர்களிடம் கம்பைக் கேட்காதீர்கள், முதலில் மெத்தையைக் கேளுங்கள்.

மூன்று வாரக் கயிற்றுப் பயிற்சியில் எனக்கு 2.85 வந்தது. தோள்பட்டை இப்போது வலிப்பதில்லை. இடது தொடைதான் வலிக்கிறது!