உயிர் காக்கும் பட்டாளம்

சென்ற வாரம் நமது பள்ளியில் பன்னிரண்டாம் வகுப்பு படிக்கும் மாணவன் ஒருவன் தன் தாய் மாமனுடன் நம்மைத் தேடி வந்தான். மாமன் பனியன் கம்பெனியில் பவர் டேபிள் தைப்பவர். பையனுக்கு ராணுவத்தில் நர்ஸிங் அஸிஸ்டெண்டாகச் சேர வேண்டுமென்று ஆசை. மாமனுக்கோ அது அடியோடு பிடிக்கவில்லை.

"ஏனுங்க வாத்தியாரய்யா, பட்டாளத்துக்குப் போனா துப்பாக்கி பிடிக்கோணும். புண்ணுக்குக் கட்டுப் போடறதுக்கு அத்தனை தூரம் எதுக்குங்க?" என்றார்.

கேள்வி நியாயமானதுதான். யுத்தக் கதை என்றால் நாம் எல்லோருமே சுட்டவனைத்தான் நினைக்கிறோம். சுடப்பட்டவனைத் தூக்கி வந்தவனை நினைப்பதில்லை. ஆகவே மாமனை உட்கார வைத்து ஒரு கதை சொன்னோம். அதை நேயர்களுக்கும் சொல்லுகிறோம்.

1950-ல் கொரியாவில் யுத்தம் மூண்டது. சுதந்திர பாரதம் அங்கே சண்டையிடப் படை அனுப்பவில்லை. வைத்தியப் படை ஒன்றையே அனுப்பியது. '60-வது பாராசூட் ஃபீல்ட் ஆம்புலன்ஸ்' என்பது அதன் பெயர். முந்நூறுக்கு மேற்பட்டோர் அடங்கிய அந்தப் படையின் தலைவர் லெப்டினண்ட் கர்னல் ஏ. ஜி. ரங்கராஜ். பெயரிலேயே நமது ஆற்காட்டைத் தாங்கிய வைத்தியர். 1941-ல் விமானத்திலிருந்து பாராசூட்டுடன் முதன்முதல் குதித்த இந்தியர் இருவரில் ஒருவர்.

அவ்வாண்டு டிசம்பரில் சீனப் படைகள் நெருங்கவே, ஐக்கிய நாடுகளின் சேனை பியோங்யாங் நகரை விட்டுப் பின்வாங்கியது. நமது வைத்தியர்களுக்கு வாகனங்கள் போதவில்லை. சாமான்களை விட்டுவிட்டுப் புறப்படுங்கள் என்று உத்தரவாயிற்று. ஆனால் கத்தியும் மருந்தும் கட்டுத் துணியும் இல்லாத வைத்தியன் யாருக்கு உதவுவான்? தேடிப் பார்த்ததில் கைவிடப்பட்ட பழைய ரயில் எஞ்சின் ஒன்று அகப்பட்டது. வரிசையாக நின்று வாளி வாளியாகத் தண்ணீர் மொண்டு கொதிகலத்தை நிரப்பினார்கள். சாமான்களை ஏற்றினார்கள். எஞ்சின் ஓட்டத் தெரிந்தவர்களும் அவர்களிடையே இருந்தார்கள். பாலம் தகர்க்கப்படுவதற்குச் சற்று முன் ரயில் ஆற்றைக் கடந்துவிட்டது!

1951 மார்ச் 23-ந் தேதி முன்சான் என்னுமிடத்தில் அமெரிக்கப் பாராசூட் வீரர்களுடன் ரங்கராஜும் ஒரு சிறு குழுவினரும் குதித்து, களத்திலேயே காயம்பட்டோருக்குச் சிகிச்சை செய்தனர். அவருக்கு மகாவீர் சக்கரம் கிடைத்தது. யுத்தத்தில் இறங்காத தேசத்தின் வைத்தியருக்கு, யுத்த வீரனுக்குரிய விருது!

"பட்டாளத்தை விட்டு வந்தப்புறம் என்ன பொழப்புங்க?" என்றார் மாமன். ரங்கராஜ் பிற்காலத்தில் உலக சுகாதார ஸ்தாபனத்தின் சார்பில் ஆப்கானிஸ்தானத்தில் வைசூரியை ஒழிக்கப் பாடுபட்டதைச் சொன்னோம். கற்ற வித்தை உடுப்பைக் கழற்றியதும் மறந்து போவதில்லை.

ஆபத்தையும் மறைக்கவில்லை. 1949-ஆம் வருஷத்து ஜெனீவா உடன்படிக்கை வைத்திய ஊழியர்களைத் தாக்கலாகாது என்கிறது. அவர்கள் தற்காப்புக்கும் நோயாளிகளின் காவலுக்கும் மட்டுமே ஆயுதம் வைத்துக் கொள்ளலாம். காயம்பட்டவன் எதிரியானாலும் பேதமின்றிச் சிகிச்சை செய்தாக வேண்டும். யாருக்கு அவசரம் அதிகமோ அவருக்கே முதலிடம். ஆயினும் செஞ்சிலுவை குண்டைத் தடுக்கும் கேடயமல்ல. அதை அறிந்தேதான் அவர்கள் களத்துக்குப் போகிறார்கள்.

நமது திருப்பூருக்கு இந்த வீரம் புதிதா? 1932 ஜனவரியில் தடியடி பட்டு விழுந்த குமரன் யாரையும் அடிக்கவில்லை. கையிலிருந்த கொடியை விடவில்லை, அவ்வளவுதான். குண்டு விழும் இடத்தில் ஸ்ட்ரெச்சரைக் கீழே போடாதவனும் அந்த ஜாதி வீரனே.

மாமன் வெகு நேரம் பேசவில்லை. பிறகு எழுந்து, "எனக்குச் சொன்னது இருக்கட்டுங்க, இவன் அம்மாகிட்ட நீங்களே வந்து சொல்லிப் போடுங்க" என்றார்.

ஞாயிற்றுக்கிழமை போவதாக இருக்கிறோம். மாமனைவிட அந்த அம்மாளின் கேள்விகள் கடினமாயிருக்கும். அவற்றுக்கும் உண்மையையே சொல்ல வேண்டும்.