திருப்புளி யாருடையது?

எங்கள் சமையலறைக்கு மர அலமாரி செய்தபோது ஆசாரி என்னிடம் கேட்ட ஒரே கேள்வி, "சார் எப்பம்மா வருவாரு?" சார் வந்தார். மேல் அலமாரிக் கதவின் நடுவில் கைப்பிடி வைத்தால்தான் அழகு என்றார். வைத்தார்கள். அந்தக் கதவை நாளைக்கு இருபது தடவை திறப்பவள் நான். இன்றும் எக்கித்தான் திறக்கிறேன்.

சமையலறை பெண்ணின் ராஜ்ஜியமாம். தன் ராஜ்ஜியத்தில் ஒரு கைப்பிடி எங்கே இருக்க வேண்டும் என்று முடிவுசெய்ய முடியாதவளை ராணி என்பது கேலி. இன்றைய 'மாடுலர் கிச்ச'னுக்கு முன்னோடியான ஃபிராங்க்ஃபர்ட் சமையலறையை 1926இல் வடிவமைத்தவர் மார்கரெட்டே ஷூட்டே-லிஹாட்ஸ்கி என்ற பெண். சமைப்பவள் நடக்கும் தூரத்தைக்கூடக் கணக்கிட்டவர். நம் வீடுகளிலோ அளவு நாடா இன்னும் ஆண் கையில்தான்.

போன வருடம் அடுப்போரக் கதவின் கீல் தளர்ந்து தொங்கியது. "ஞாயித்துக்கிழமை பார்க்கிறேன்" என்றார் கணவர். எட்டு மாத ஞாயிறுகள் போயின. ஒரு கையால் கதவைத் தூக்கிப் பிடித்து மறு கையால் டப்பாவை எடுத்துக்கொண்டிருந்தேன். ஒருநாள் நானே திருப்புளியை எடுத்தேன். ஓட்டை பெரிதாகித் திருகாணி பிடிக்கவில்லை. தீக்குச்சிகளின் மருந்து முனையை ஒடித்துவிட்டு, ஃபெவிகாலில் தோய்த்து ஓட்டையில் அடைத்தேன். காய்ந்தபின் திருகினேன், பிடித்தது. கீலில் இருக்கும் ஒரு திருகு கதவை இடம் வலமாக நகர்த்தும், இன்னொன்று முன்னும் பின்னுமாக நகர்த்தும் என்பதையும் அன்றுதான் கண்டுகொண்டேன். பசை காயும் நேரம் போக, அரை மணி நேர வேலை.

அரை மணி நேர வேலைக்கு எட்டு மாதம் காத்திருக்க என்னைப் பழக்கியது யார்? மாவின் பதத்தை விரலால் அறியும் கைக்குத் திருகாணி எந்தப் பக்கம் இறுகும் என்று தெரியாதா? தையல் மெஷினைப் பெண்ணிடம் கொடுத்தவர்கள் டிரில்லிங் மெஷினை மட்டும் ஏன் பரணில் ஏற்றி வைத்தார்கள்?

"இருக்கிற வேலையே முதுகை ஒடிக்குது. இதையும் ஏண்டி தலையில கட்டிக்கிறே?" என்றாள் தோழி. நியாயமான கேள்வி. ஆனால் தெரிந்துகொள்வது வேறு, சுமப்பது வேறு. வேலை தெரிந்தவளைக் காத்திருக்க வைக்க முடியாது; "இது பெரிய வேலைம்மா" என்று கூலியை ஏற்றிச் சொல்லவும் முடியாது. சுமையைப் பற்றிச் சொன்னால், கீலை நான் பார்த்துக்கொள்கிறேன், இரவுச் சமையல் உங்களுடையது என்று வீட்டில் சொல்லிவிட்டேன். அவரும் சாம்பார் வைக்கக் கற்றுக்கொண்டார். அதற்கு எட்டு மாதம் ஆகவில்லை.

வரும் ஞாயிறு அந்த மேல் அலமாரிக் கைப்பிடியைக் கழற்றி, என் கைக்கு எட்டும் உயரத்தில் மாட்டப்போகிறேன். கதவில் பழைய ஓட்டைகள் தெரியும். தெரியட்டும்.