கொல்றதுக்கு முன்னாடி பாருங்க!

பிராஜெக்ட் ரிவ்யூவுக்கு முந்தின ராத்திரிதான் கம்ப்யூட்டருக்கு உடம்பு சரியில்லாமல் போகும். அது ஏனோ தெரியாது, ஆனால் அப்படித்தான்! மவுஸ் நகராது, ஃபேன் மட்டும் ஆவடியில் நிற்காத எக்ஸ்பிரஸ் மாதிரி இரையும். "மச்சி, ஃபார்மட் அடிச்சுடு" என்பான் ஒருத்தன். "ரேம் மாத்தணும்டா" என்பான் இன்னொருத்தன். இரண்டு பேருமே உள்ளே என்ன ஓடுது என்று பார்த்திருக்க மாட்டார்கள்.

அம்பத்தூர் ஓ.டி.க்கோ பூந்தமல்லிக்கோ சர்வீஸ் கடை தேடி ஓடறதுக்கு முன்னாடி, கன்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் மூன்றையும் சேர்த்து அழுத்துங்க. டாஸ்க் மேனேஜர் நேராக வந்து நிற்கும். டேவ் பிளம்மர் என்ற மைக்ரோசாஃப்ட் இன்ஜினீயர் எழுதின புரோகிராம் இது. 1996-ல் விண்டோஸ் என்.டி. 4-ல் சேர்ந்தது.

அதில் சி.பி.யூ., மெமரி, டிஸ்க் என்று மூன்று காலம் இருக்கா? அது புரியணும்னா அம்பத்தூர் எஸ்டேட்டுக்கு வாங்க. ஷிஃப்ட் விடுற நேரம். டீக்கடையில் மாஸ்டர் ஒருத்தர், கஸ்டமர் முப்பது பேர். ஒவ்வொருத்தரையும் கொஞ்சம் கொஞ்சமா கவனிக்கிறார். அந்த மாஸ்டர்தான் சி.பி.யூ. கிளாஸ் வைக்கிற மேடை, மெமரி. பின்னாடி இருக்கிற ரூம், டிஸ்க். மேடை நிரம்பிட்டா என்ன ஆகும்? கிளாஸைப் பின்ரூமுக்குக் கொண்டுபோய் வெச்சுட்டு, கேட்கும்போது திரும்ப எடுத்துட்டு வரணும். மாஸ்டர் சும்மா நிற்பார், கஸ்டமரும் சும்மா நிற்பார், ஆனா பையன் ஓடிக்கிட்டே இருப்பான்!

ஆகவே மெமரி 90 சதவீதத்தைத் தாண்டி, டிஸ்க்கும் 100-ல் நின்றால், இடம் பத்தவில்லை என்று அர்த்தம். பிரவுசரில் திறந்து வெச்ச நாற்பது டேபை முதல்ல மூடுங்க. குரோமில் ஷிஃப்ட்டும் எஸ்கேப்பும் அழுத்தினால் அதுக்கே தனியா ஒரு டாஸ்க் மேனேஜர் வரும், எந்த டேப் எவ்வளவு தின்னுதுன்னு காட்டிடும். மெமரி பாதி காலியா இருந்தும் டிஸ்க் மட்டும் 100-ல் நிற்குதா? ரேம் வாங்கிப் போட்டுப் பிரயோஜனம் இல்லை. அப்டேட்டோ ஆன்ட்டிவைரஸ் ஸ்கேனோ ஓடலாம், முடியட்டும். தினமும் இதே கதை, உள்ளே இருப்பது பழைய ஹார்ட் டிஸ்க் என்றால், எஸ்.எஸ்.டி.க்குக் காசு சேருங்க.

சி.பி.யூ. கணக்கில் ஒரு பொடி இருக்கு. லேப்பில் சி புரோகிராம் எழுதறீங்க, 'வைல்' லூப் முடியவே இல்லை. டாஸ்க் மேனேஜரில் அது 25 சதவீதம்தான் காட்டும். 'கால்வாசிதானே' என்று விட்டுடாதீங்க. நாலு கோர் உள்ள மெஷினில் ஒரு கோரை முழுசா முழுங்கினால் மொத்தக் கணக்கில் அது 25. எட்டு கோர் என்றால் 12-ஓ 13-ஓதான் காட்டும். இதையே லினக்ஸில் 'டாப்' கமாண்ட் போட்டுப் பார்த்தால் 100 என்று காட்டும். ஒரே வியாதி, தெர்மாமீட்டர்தான் வேற!

அந்த லூப் இன்னொரு வேலையும் செய்யும். கோடைத் திருத்தி மறுபடி கம்பைல் பண்ணினால் 'பெர்மிஷன் டினைட்' என்று வரும். கம்பைலரைத் திட்டாதீங்க. பழைய புரோகிராம் பின்னாடி இன்னும் ஓடிக்கிட்டிருந்தால், அந்த ஃபைலை மாற்ற விண்டோஸ் விடாது. அதைக் கண்டுபிடித்து எண்ட் டாஸ்க் கொடுங்க, கம்பைல் ஆயிடும். ஜாவா பிராஜெக்ட்காரர்களுக்கு '8080 போர்ட் ஏற்கெனவே யூஸில் இருக்கு' என்று வருவதும் பல நேரம் இதே கதைதான். ரிசோர்ஸ் மானிட்டரின் நெட்வொர்க் பக்கத்தில் லிசனிங் போர்ட்ஸ் பாருங்க. எந்த பிராசஸ் உட்கார்ந்திருக்கு என்று நம்பரோடு இருக்கும்.

சரி, பெரிசா தெரியுற எல்லாத்தையும் போட்டுத் தள்ளிடலாமா? கூடாது! டீட்டெயில்ஸ் பக்கத்தில் 'சிஸ்டம் ஐடில் பிராசஸ்' 95 என்று நிற்கும். அது தின்பது இல்லை, மாஸ்டர் சும்மா இருக்கிற நேரம். 'சர்வீஸ் ஹோஸ்ட்' என்று டஜன் கணக்கில் வந்தாலும் பயம் வேண்டாம், விண்டோஸின் சொந்த வேலைக்காரங்க. சந்தேகம் வந்தால் ரைட் கிளிக் பண்ணி ஃபைல் இருக்கிற இடத்தைப் பாருங்க. சிஸ்டம்32 ஃபோல்டரில் இல்லாமல் டெம்ப் ஃபோல்டரில் உட்கார்ந்திருந்தால், அப்போ ஸ்கேன் பண்ணுங்க.

'எல்.எஸ்.ஏ.எஸ்.எஸ்.' பக்கம் மட்டும் கையே வைக்காதீங்க. லாகினைப் பார்த்துக்கொள்கிற பிராசஸ் அது. அது செத்தால் விண்டோஸே ரீஸ்டார்ட் ஆகிடும். 2004 மே மாதம் சாஸர் என்ற வோர்ம் உலகம் பூராவும் செய்தது அதைத்தான். 60 செகண்ட் கவுன்ட்டவுன், அப்புறம் மெஷின் அணைஞ்சிடும். எழுதியது ஜெர்மனியில் ஒரு பதினேழு வயசுப் பையன். 2005-ல் கோர்ட்டில் தண்டனையும் வாங்கினான்.

இன்னொரு விஷயம். எண்ட் டாஸ்க் என்பது சேவ் பண்ணச் சொல்லி யாரையும் கேட்காது. 'நாட் ரெஸ்பாண்டிங்' வந்த வேர்ட் ஃபைலுக்கு ரெண்டு நிமிஷம் டைம் கொடுங்க, பாதி நேரம் தானே எழுந்திரிக்கும். லினக்ஸ் இதில் மரியாதை தெரிஞ்சது. சும்மா 'கில்' என்றால் 15-ஆம் நம்பர் சிக்னல், 'கிளம்புப்பா, மூட்டையைக் கட்டிக்கோ' என்று அர்த்தம். 9-ஆம் நம்பர் போட்டால் கழுத்தைப் பிடிச்சு வெளியே தள்ளுறது. எப்பவும் 15-ல ஆரம்பிங்க.

இன்னிக்கே செய்ய ஒரு வேலை: மெஷின் நல்லா இருக்கும்போதே டாஸ்க் மேனேஜரைத் திறந்து, வழக்கமா யார் யார் இருக்காங்க, எவ்வளவு சாப்பிடறாங்க என்று பார்த்து வெச்சுக்குங்க. அப்படியே ஸ்டார்ட்-அப் பக்கம் போய், தேவையில்லாததை டிசேபிள் பண்ணிடுங்க. வீட்டு ஆளுங்க முகம் தெரிஞ்சாதானே, திருடன் வந்தா அடையாளம் தெரியும்?