நல்லதை மட்டும் சொல்லும் சீட்டு

ஊரில் கிளி ஜோசியம் பார்த்தவர்களுக்குத் தெரியும். கிளி கூண்டை விட்டு வந்து, சீட்டுகளைத் தள்ளித் தள்ளிப் போட்டு ஒன்றை எடுத்துக் கொடுக்கும். முருகன் வந்தால் சந்தோஷம். சனீஸ்வரன் வந்தால் பரிகாரத்துக்கு இன்னொரு பத்து ரூபாய். எப்படியோ, ரெண்டும் அந்தக் கட்டில் இருக்கும்.

போன வருஷம் சென்னையிலிருந்து மாற்றலாகிப் புனே வந்தோம். நான் மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொண்டு திரிவதைப் பார்த்து, ஆபீஸில் கூட வேலை செய்யும் பெண் ஒரு டாரட் கட்டு பரிசளித்தாள். சாதா டாரட் இல்லை, 'பாசிட்டிவ்' டாரட். சாவு, சாத்தான், இடிந்து விழும் கோபுரம் எதுவும் அதில் கிடையாது. காலையில் ஒரு சீட்டு எடுத்து, அதில் உள்ள வாக்கியத்தை மனதுக்குள் சொல்லிக்கொள்ள வேண்டும். "நான் அமைதியாக இருக்கிறேன்", "எனக்கு வேண்டியது என்னைத் தேடி வருகிறது", இந்த ரகம்.

எதிர்காலம் சீட்டில் இருக்கிறது என்று நம்புகிறவள் இல்லை நான். டாரட்டே 15-ஆம் நூற்றாண்டில் வடக்கு இத்தாலியில் சீட்டாட்டமாகப் பிறந்ததுதான். குறி சொல்லும் உத்தியோகம் அதற்குப் பெரிதாகக் கிடைத்தது 18-ஆம் நூற்றாண்டு பிரான்சில். ஆனாலும் குக்கர் விசில் வருவதற்குள் ஐந்து நிமிஷம் தனியாக உட்கார ஒரு சாக்கு கிடைத்ததே! அதைக் குறை சொல்ல மாட்டேன்.

தப்பு எங்கே என்றால், அதை மகளிடம் கொடுத்தது. எட்டாம் வகுப்பு. புது ஸ்கூல், புது பாஷை. மகாராஷ்டிராவில் பள்ளிக்கு மராத்தி கட்டாயம். (நம்ம 'ள' அவர்களிடமும் இருக்கிறது, பாதிக் கிணறு தாண்டியாச்சு என்று தேற்றி வைத்திருந்தேன் :-) ) அவளுக்கு வந்த சீட்டு, "எல்லோரும் என்னை நேசிக்கிறார்கள்". பார்த்தாள், திருப்பி வைத்தாள்.

"பொய்ம்மா இது."

"சொல்லச் சொல்லப் பழகிடும்டி" என்று ரெண்டு வாரம் விடாமல் சொல்ல வைத்தேன். அதை நினைத்தால் இப்போது எனக்கே கூச்சமாக இருக்கிறது.

கனடாவில் வாட்டர்லூ பல்கலைக்கழகத்தின் ஜோன் வுட்டும் அவர் குழுவும் 2009-இல் ஓர் ஆய்வு வெளியிட்டார்கள். 'நான் அன்புக்குரியவள்' என்கிற மாதிரி வாக்கியத்தைத் திரும்பத் திரும்பச் சொல்ல வைத்துப் பார்த்தார்கள். ஏற்கெனவே தன்னைப் பற்றி நல்ல எண்ணம் உள்ளவர்களுக்குக் கொஞ்சம் பலன் இருந்தது. தன்னைத் தாழ்வாக நினைப்பவர்களுக்கு மனசு இன்னும் கீழே போனது. இதைப் படித்தபோது எனக்கு ஆச்சரியமே வரவில்லை, மகள் முகம்தான் வந்தது. வாய் ஒன்று சொல்ல, உள்ளே ஒரு குரல் 'இல்லை, இல்லை' என்று எண்ணிக்கொண்டே இருந்தால் எந்தக் குழந்தைதான் தாங்கும்?

அப்புறம் பிடிவாதமாகப் பழைய கட்டையே வாங்கினேன். 1909-இல் லண்டனில் வெளிவந்தது, பமீலா கோல்மன் ஸ்மித் என்ற பெண் வரைந்த படங்கள், மொத்தம் 78. தரையில் படம் தெரிகிற மாதிரி பரப்பி, "பலன் எல்லாம் வேண்டாம், ஏதாவது ஒண்ணு எடு" என்றேன்.

ஆறு வாள்கள் உள்ள சீட்டை எடுத்தாள். ஒரு படகு. ஒருவன் கழி ஊன்றித் தள்ளுகிறான். போர்த்திக்கொண்டு குனிந்து உட்கார்ந்திருக்கும் ஒரு பெண், பக்கத்தில் குழந்தை. முன்னால் ஆறு வாள்கள் செங்குத்தாக நிற்கின்றன. மூவருக்கும் முதுகுதான் தெரியும். ஒரு பக்கம் தண்ணீர் அலையடிக்கிறது, மறுபக்கம் சலனமே இல்லை.

"இது நாமதானே? அப்பா ஓட்டறார். நீ போர்த்திட்டு அழறே. அதனால நான் அழ முடியாது."

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. மெதுவாக, "ஸ்கூல்ல யார்கூட சாப்பிடறே?" என்று கேட்டேன். தனியாகத்தான், ஏழு மாசமாக. மராத்தி வாசிக்க எழுந்தால் சிரிக்கிறார்களாம். நான் எடுத்த 'நான் அமைதியாக இருக்கிறேன்' சீட்டெல்லாம் கண் முன்னால் வந்து போயிற்று. ஆமாம், நான் அமைதியாகத்தான் இருந்திருக்கிறேன்.

பாசிட்டிவ் கட்டு நல்லாயிருக்கும் மனுஷருக்கு ஒரு டம்ளர் காப்பி மாதிரி, குடிக்கட்டும். அடிபட்டவர் கையில், அதுவும் குழந்தை கையில் கொடுக்காதீர்கள் என்பது என் கட்சி. 'உனக்கு ஒன்றுமில்லை' என்று அச்சடித்துக் கொடுத்துவிட்டால், அது எங்கே போய்ச் சொல்லும்? அந்தப் பழைய படத்திலும் மந்திரம் இல்லை. வாள்கள் இருப்பதை அது மறைக்கவில்லை, அவ்வளவுதான்.

புதன்கிழமை மராத்தி டீச்சரைப் பார்க்க நேரம் கேட்டிருக்கிறேன். மராத்தியிலேயே நாலு வார்த்தை பேச வேண்டும் என்று மகள் உத்தரவு. ராத்திரி உட்கார்ந்து என் உச்சரிப்பைத் திருத்துகிறாள், சிரித்துக்கொண்டே.